வாக்கி டாக்கிக்குப் பொட்டு வைத்த மறுநாள்

போனில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் பேசுகிறவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. ஒரு இருமல், தட்டு வைக்கும் சத்தம், எங்கோ ஒரு ஆடு கத்துவது. அவ்வளவுதான், "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று கத்த ஆரம்பித்துவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். "அம்மாவுக்கு வயர்லெஸ் ஏறிடுச்சு" என்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் அன்றைக்குக் குவாரியில் இல்லை.

சித்தூருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல எங்கள் ஊர். எங்கள் ஊர்ப் பாறைக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. எங்கள் ஊர் ஆண்களுக்கும் அப்போதுதான் கிராக்கி வந்தது. ஒரு லாரியில் கல்லு போகும், அடுத்த பஸ்ஸில் ஆளு போகும். "பாறையும் போவுது, புருசனும் போறான், மிச்சம் நாமளும் ஆடும்தான்" என்று தண்ணி பிடிக்கும் இடத்தில் ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் குடம் நிறைந்து வழிந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் குவைத்துக்குப் போனவர்தான். மாதம் ஒரு தரம் சித்தூர் டெலிபோன் பூத்துக்கு நான் போய் உட்கார்ந்தால் அங்கிருந்து பேசுவார். கடைசியாகப் பேசியபோது, "டிக்கெட்டு எப்ப கெடைக்குதோ அப்ப வந்துடுவேன். சொல்லாம கொள்ளாம வாசல்ல வந்து நிப்பேன் பாரு" என்றிருந்தார்.

நான் குவாரியில் கொடி பிடிக்கிற வேலையில் இருந்தேன். மத்தியானம் எல்லாரும் சோற்றுக்கு இறங்கியதும் வேட்டு போடுவார்கள். பாறையில் போட்ட துளைகளில் மருந்தை அடைத்து, திரியைச் சொருகி, மேலே மேஸ்திரி நெருப்பு வைப்பார். அதற்கு முன்னால் கீழே வண்டிப்பாதையில் ஆள், மாடு எதுவும் வராமல் நான் மறிக்க வேண்டும். கிழக்கு மூலையில் இன்னொருவர் மறிப்பார். அவர் தெலுங்குக்காரர், என் நைனா வயசு, நாங்கள் எல்லாரும் மாமா என்போம். வெற்றிலை இல்லாமல் அவர் வாயை யாரும் பார்த்ததில்லை. பாறை நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. விசில்தான் எங்களுக்குப் பேச்சு. காற்று மாறி அடித்தால் விசில் எங்கேயோ போய்விடும்.

அதனால்தான் ஓனர் வாக்கி டாக்கி வாங்க முடிவு செய்தார். மேஸ்திரியும் நானும் திருப்பதிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு கடை. கண்ணாடி போட்ட ஒருத்தர் மேசைமேல் மூன்று செட்டுகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் செங்கல் கனம். பக்கத்தில் ரப்பர் கொம்புகள், ஆன்டெனாவாம், தனியாகக் கிடந்தன.

"மொதல்ல கொம்பு. அதைத் திருகாம பொத்தான அமுக்கினீங்கன்னா செட்டு உள்ளுக்குள்ளயே வெந்துடும். அப்புறம் என்கிட்ட அழுதுகினு வரக்கூடாது" என்றார். பேட்டரியைப் பின்னால் தள்ளி 'டக்' என்று மாட்டினார். மேலே ஒரு குமிழ், திருகினால் உயிர் வரும், சத்தமும் ஏறும். இன்னொரு குமிழ் சேனலுக்கு. மூன்று செட்டிலும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். "ஒண்ணு மாறினாலும் நீங்க ஒரு ஊர்ல, அவரு ஒரு ஊர்ல." மூன்றாவதாக ஒரு சின்னக் குமிழ் இருந்தது. முதலில் செட் மழை பெய்கிற மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. அந்தச் சின்னக் குமிழை மெல்லத் திருகினார். ஓர் இடத்தில் இரைச்சல் பட்டென்று நின்றது. "இங்கயே உட்டுடணும். இன்னும் திருகினா தூரத்துல பேசறவங்க குரலையும் சேத்து முழுங்கிடும்."

பக்கவாட்டில் ஒரு ரப்பர் பொத்தான். அமுக்கினால் சிவப்பு விளக்கு, நாம் பேசலாம். விட்டால்தான் கேட்கலாம். யாராவது பேசினால் பச்சை விளக்கு. "அமுக்கின ஒடனே பேசாதீங்க. ஒரு மூச்சு உட்டுட்டுப் பேசுங்க. இல்லன்னா மொத வார்த்தய அது தின்னுடும். பேசி முடிச்சா 'ஓவர்' சொல்லிட்டு வெரல எடுக்கணும். எடுக்கணும்மா! எடுக்கலன்னா ஊரே ஊமை."

என்னை ஒரு செட்டோடு கீழே தெருவுக்கு அனுப்பினார்கள். பூக்கடைக்காரி, ஜோசியக்காரர், மொட்டை போட்டுக்கொண்ட ஒரு குடும்பம் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். செட்டை வாயருகே கொண்டுபோனேன். அமுக்கினேன், மூச்சு விட்டேன். என்ன பேசுவது என்றே தெரியவில்லை. "அண்ணா, சாப்ட்டியா? ஓவர்" என்றேன். மேலே கடையில் இருந்த மேஸ்திரி குரல் என் உள்ளங்கையில் வந்தது. "இன்னும் இல்ல, நீதான் வாங்கித் தரணும். ஓவர்." பூக்கடைக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

மேலே ஏறி வந்ததும் நான் ஒன்று கேட்டேன். "சார், ரெண்டு பேரு ஒரே நேரத்துல அமுக்கிட்டா?"

"சண்டைதான். மேஸ்திரிக்கு யாரு கிட்டக்க இருக்காங்களோ அவங்க கொரலுதான் கெலிக்கும். தூரத்துல இருக்கறவங்க கத்தினா தொண்டைதான் வலிக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது மேஸ்திரி தூங்கிவிட்டார். நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கிழக்கு மூலைதான் மேஸ்திரி நிற்கும் இடத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. என் வண்டிப்பாதை தூரம்.

செட் வந்த புதிதில் ஊரில் ஒரே கேலி. "போலீஸம்மா வருது, மாட்ட ஓரமா ஓட்டு" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ரகசியமாக வந்து, "இதுல குவைத்து கேக்குமா?" என்று கேட்டாள். அவளுடைய தம்பியும் அங்கேதான் இருந்தான். "அந்தப் பாறையத் தாண்டறதுக்கே மூச்சு வாங்குது இதுக்கு" என்றேன். அவள் முகம் வாடிப்போய்விட்டது.

மேஸ்திரி எங்கள் விசில்களை வாங்கித் தன் பெட்டியில் போட்டுப் பூட்டினார். இனி இதுதான் என்றார். நான் "வண்டிப்பாதை கிளியர்" என்பேன், மாமா "கிழக்கு கிளியர்" என்பார், இரண்டும் கேட்டால் மேலே திரிக்கு நெருப்பு. சுத்தமாக நடந்தது. ஒரு வேட்டுக்கும் இன்னொரு வேட்டுக்கும் நடுவில் நான் பயப்படவே மறந்துபோனேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கம்பிரசருக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, உளி, சுத்தியல், துளை போடும் கம்பி எல்லாவற்றையும் கழுவித் தரையில் பரப்பினார்கள். வாக்கி டாக்கியும் ஆயுதம்தானே. மேஸ்திரி கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் எல்லாவற்றிற்கும் பட்டை போட்டுக்கொண்டே வந்தார். என் செட்டை நான் கீழே வைக்கவில்லை, கையிலேயே பிடித்திருந்தேன். "காட்டு" என்றார், காட்டினேன். பட்டை, பொத்தானை மூடியிருந்த என் கட்டைவிரல் மேலும் சேர்த்து விழுந்தது. மாமாவின் செட் கம்பிகளோடு கம்பியாகத் தரையில் படுத்திருந்தது. அதற்குப் பக்கவாட்டில் முழுப் பட்டை, நடுவில் குங்குமம். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒரு வருசத்துக்குக் காப்பாத்தும்" என்றார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், ஒரு வேட்டாவது போட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும், ராகு காலம் பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓனர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. மேஸ்திரி மேலே தனியாக மருந்து அடைத்தார். நான் சிவப்புக் கொடியோடு வண்டிப்பாதையில் நின்றேன். பாதை வெறிச்சென்று இருந்தது. அமுக்கினேன், மூச்சு விட்டேன். "வண்டிப்பாதை கிளியர். ஓவர்."

"கிழக்கு கிளியர். ஓவர்" என்றார் மாமா. அவர் குரல் நின்றது. பச்சை விளக்கு நிற்கவில்லை.

வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு துப்பும் சத்தம். "ஏய், அட்டு போவே, போ!" என்று யாரையோ விரட்டினார். ஆடு ஒன்று கத்தியது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மாமா விரலை எடுக்க மறந்துவிட்டார், இன்றைக்கு ஊரே அவர் வெற்றிலை போடுவதைக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

சிரித்துக்கொண்டே திரும்பினேன். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் பாறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

அங்கே பாதையே கிடையாது. குவாரி வருவதற்கு முன்னால் இருந்தது. பஸ் ரோட்டில் இறங்கி ஏரிக்கரை ஏறிப் பாறையின் இடுப்பைச் சுற்றினால் சீக்கிரம் ஊருக்குள் போய்விடலாம். இப்போது உள்ளூர்க்காரர் யாரும் அந்த வழியில் போவதில்லை, மண் மேடிட்டு முள் மூடிவிட்டது. குவாரி வந்ததே தெரியாத ஆள்தான் அப்படிப் போக முடியும். தலையில் பெரிய அட்டைப்பெட்டி, நீலக் கயிறு போட்டு வரிந்து கட்டியது. முழுக்கால் சட்டை. அந்த மாதிரிப் பெட்டியை எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தை பார்த்தாலும் சொல்லும், குவைத்துப் பெட்டி என்று.

சொல்லாம கொள்ளாம வந்து நிப்பேன் என்றாரே.

"ஏய்! ஏய்! போவாதே!" என்று கத்தினேன். காற்று என் முகத்தில்தான் அடித்தது. பெட்டி அவர் தலையையும் காதையும் மறைத்திருந்தது. கொடியை வீசினேன். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவருக்குக் கொடி எதற்கு? விசிலுக்காக இடுப்பைத் தடவினேன். விசில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

பொத்தானை அமுக்கினேன். "மேஸ்திரி, நிறுத்துங்க, ஆள் உள்ள போவுது! ஓவர்!" விட்டேன். ஆடு கத்தியது. மாமா ஏதோ பழைய தெலுங்குப் பாட்டை மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தார். மறுபடி அமுக்கிக் கத்தினேன். விட்டேன். துப்பும் சத்தம். மேஸ்திரியின் செட்டிலும் இதுதான் கேட்டுக்கொண்டிருக்கும், நான் கத்தியது அவருக்குப் போகவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு கிளியரும் அவருக்குக் கிடைத்தாயிற்று. ராகு காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய அவசரம். அவர் ஏன் நிற்கப்போகிறார்?

அந்த ஆளைத் துரத்தினால் எட்டிப்பிடிக்க முடியாது, பிடித்தாலும் இரண்டு பேருமாகக் கல்லுக்கடியில் நிற்போம். திருப்பதிக் கடைக்காரர் சொன்னது காதில் வந்தது. கிட்டக்க இருக்கறவங்க கொரலுதான் கெலிக்கும். கிட்டத்தில் போவதென்றால் மேலே போக வேண்டும். வேட்டு வெடிக்கிற பக்கம்.

ஓடினேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திரும்பி ஓடிவிடத்தான் கால் பார்த்தது. சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, உடைந்த கல்லில் வழுக்கி வழுக்கி, அமுக்குவேன், "நிறுத்துங்க" என்பேன், விடுவேன். பச்சை விளக்கும் ஆட்டுச் சத்தமும்தான். பத்தடி ஏறுவேன், அமுக்குவேன். என் மூச்சே வார்த்தையை விழுங்கியது. எந்த நொடியில் பூமி அதிரும் என்று உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. இதற்கு நடுவில் மாமா அந்த ஆட்டிடம் கொஞ்சலாகப் பேசிக்கொண்டிருந்தார், "தாகமா நீக்கு, தாகமா?" என்று, உனக்குத் தாகமா என்கிற மாதிரி. அவரை அந்த நிமிஷம் நான் கொன்றிருப்பேன்.

பாதி ஏறியிருப்பேன். அமுக்கி, "அண்ணா, உள்ள ஆளு!" என்றேன். மேஸ்திரி என்கிற வார்த்தை வரவில்லை, அண்ணா என்றுதான் வந்தது. விட்டேன். ஆட்டுச் சத்தத்தை யாரோ வெட்டிய மாதிரி இருந்தது. கரகரவென்று அவர் குரல்.

"யாரு? எங்க?"

"ஏரிப் பக்கம்! பழைய பாதையில! பத்த வெக்காதே!"

மறுபடி மாமாவின் பாட்டு ஒரு வரி ஓடியது. பிறகு, "ஒரு திரி பத்திக்கிச்சு" என்றார். "நீ படு. எங்க இருக்கறியோ அங்கயே படுடி!"

ஒரு கல்லுக்குப் பின்னால் விழுந்தேன். செட் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பச்சை விளக்கு, மறுபடி மாமாவின் பாட்டு. எரிகிற திரியை மிதித்து அணைக்க முடியாது, உள்ளுக்குள்ளேயே எரிந்துகொண்டு போகும். நெருப்புக்கு முன்னால் போய்க் கத்தியால் வெட்ட வேண்டும். மருந்து இருக்கும் துளைக்கு மேல் குனிந்துதான் வெட்ட முடியும். மேஸ்திரிக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன், என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெட்டிக்கு அடியில் இருப்பது என் வீட்டுக்காரராக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். உடனே, அப்படியானால் யாராக இருக்கலாம் என்று மனசு திருப்பிக் கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

"வெட்டிட்டேன்" என்றது செட். அவ்வளவுதான். ஓவர்கூடச் சொல்லவில்லை.

எழுந்தேன். கொடியை ஊன்றிக்கொண்டு பழைய பாதைப் பக்கம் இறங்கினேன். அந்த ஆள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வெட்டி எடுத்த பாறையின் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பினார். மீசை வேறு. முகம் வேறு. எங்கள் ஊரைத் தாண்டி இருக்கிற ஊர்க்காரர், நாலைந்து வருஷம் கழித்து வருகிறவராம்.

"ஏம்மா, இங்க ஒரு பாறை இருந்துச்சே, அது எங்க?" என்றார்.

கொடியைக் கீழே போட்டேன். உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? தண்ணி கீது, குடி" என்று பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினார். தண்ணீர் முழுக்க மார்பில் கொட்டியது. மேஸ்திரி மேலேயிருந்து இறங்கி வந்தார். கையில் இன்னும் கத்தி இருந்தது, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்த ஆளைப் பார்த்து, "எந்தக் கப்பல்லடா வந்து எறங்கின நீ?" என்றார். அடுத்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. விஷயம் தெரிந்த பிறகு அந்த மனிதர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊட்ல யாருக்கும் நான் வரது தெரியாது. வேடிக்க காட்டலாம்னு வந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமா சாவகாசமாக வந்து சேர்ந்தார். "ஏமி, வேட்டு இன்னும் வெடிக்கலியா? செட்டு வேற கொதிக்குது, கையில வெக்க முடியல" என்றார். மேஸ்திரி அதைப் பிடுங்கிப் பார்த்தார். ரப்பர் பொத்தானைச் சுற்றிச் சந்தனம் சுண்ணாம்பாகக் காய்ந்து, அமுக்கினது அமுக்கினபடியே பிடித்துக்கொண்டிருந்தது. மாமா விரலை எடுத்துத்தான் இருந்தார். பொத்தான்தான் எழவில்லை. என் தாலியில் இருந்த ஊக்கை வாங்கி மேஸ்திரி கீறிக் கீறி எடுத்தார். அவசரத்தில் ஊக்கு அவர் விரலில் ஏறி ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமலே கீறினார். பொத்தான் 'டக்' என்று மேலே வந்தபோதுதான் மாமாவுக்குப் புரிந்தது. அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, என் தலையில் கை வைத்தார்.

அன்றைக்கு வேட்டு போடவில்லை. ராகு காலம் வந்து போயிற்று. மறுநாள் விசில்கள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அதற்குப் பிறகு கிளியர் சொன்னால் மட்டும் போதாது, மேஸ்திரி எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிடுவார், நாங்கள் பதில் சொல்ல வேண்டும், பச்சை விளக்கு அணைந்ததா என்று பார்க்க வேண்டும். அடுத்த வருஷம் பூஜையில் செட்டுகளைத் தட்டில் வைத்துக் கற்பூரம் மட்டும் காட்டினார்கள். சந்தனக் கிண்ணத்தை மாமா தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அந்த மாதமும் சித்தூர் பூத்துக்குப் போனேன். குவைத்திலிருந்து குரல் வர நேரம் பிடிக்கும். இங்கே பேசியதும் அங்கே போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி இரண்டும் கெட்டுப்போகும். அதனால் நான் ஓவர் சொல்லப் பழகியிருந்தேன், அவர் அதற்குச் சிரிப்பார்.

"டிக்கெட்டு பாத்துகினு கீறேன்" என்றார். "எப்பன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லணும்" என்றேன். "எந்த நாளு, எந்த பஸ்ஸு, எல்லாம் சொல்லணும். பஸ்ல எறங்கினா அங்கயே நிக்கணும். நான் வந்து இட்டுகினு போவேன். வந்தா ரோட்டு வழியா வா. பாறை வழியா வராதே. ஓவர்."

அந்தப் பக்கத்தில் யாரோ அரபியில் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. என் கை ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கேக்குதா?" என்றேன். "நான் சொன்னது கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. ரோட்டு வழியா வரேன்" என்றார். "எதுக்கு அழுவற?"